கண் பார்த்தது ரோஸ், கை எழுதியது பச்சை

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், மத்தியப் பாடத்திட்டம். மறுநாள் அவனுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில், "ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுடா" என்றேன்.

செல்பேசியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "ஒண்ணும் இல்லை தாத்தா. எனக்கு நாலாம் நம்பர் பாட்டில். அமோனியம் குளோரைடு."

"அதை நாளைக்கு நீ கண்டுபிடிக்கணும். இன்னைக்கே எப்படித் தெரியும்?"

இப்போதுதான் தலையை நிமிர்த்தினான். ஊர் தெரியாத கிழவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "எல்லாருக்கும் தெரியும் தாத்தா. லிஸ்ட் வந்தாச்சு."

மகள் சமையலறையிலிருந்து, "விடுங்கப்பா, எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான்" என்றாள். மாப்பிள்ளை, "சார், அந்தப் பரீட்சையை யாரும் சீரியஸா எடுக்கறதில்லை" என்றார். அவர்கள் மூவர் பேரிலும் எனக்குக் கோபமில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தூக்கமின்மையில் எழுதியது. கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் குரூப் படிக்காத நண்பர்களுக்காக, விஷயம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவனிடம் ஒரு சிட்டிகை உப்பைக் கொடுப்பார்கள். உப்பு என்றால் சாப்பாட்டு உப்பு மட்டுமல்ல. படிகாரமும் உப்புதான், மயில்துத்தமும் உப்புதான், அன்னபேதியும் வெடியுப்பும் நவச்சாரமும் உப்புதான். ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று நேர்மின் அயனி, மற்றது எதிர்மின் அயனி. கார உறுப்பு, அமில உறுப்பு என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். பெயர் எழுதாத அந்தச் சிட்டிகையில் இருக்கும் இரண்டும் எவை என்று சோதனைக் குழாய், அடுப்பு, நான்கைந்து கரைசல் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

கண்டுபிடிக்கும் வழி, நம் வீட்டுப் பெண்கள் சல்லடை மாற்றி மாற்றிச் சலிப்பதைப் போன்றது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெள்ளை வீழ்படிவு வந்தால் ஈயம், வெள்ளி போன்றவை. வராவிட்டால் அதே அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு. செம்பு, காட்மியம், பிஸ்மத் எல்லாம் அங்கே சிக்கும். அதுவும் இல்லையென்றால் அமோனியம் குளோரைடும் அமோனியம் ஹைட்ராக்சைடும். இரும்பு, அலுமினியம், குரோமியம் அங்கே அகப்படும். அந்தக் கார ஊடகத்தில் மறுபடி ஹைட்ரஜன் சல்பைடு. துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட். அப்புறம் அமோனியம் கார்பனேட். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். எந்தச் சல்லடையிலும் நிற்காமல் கடைசிவரை ஓடி வருவது மக்னீசியம். அமோனியத்தை மட்டும் முதலிலேயே தனியாகப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் நடுவில் நாமே அமோனியம் சேர்க்கப் போகிறோம். பிறகு தேடினால் நாம் போட்டதையே நாம் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவோம்.

இந்த வரிசையில் ஓர் அழகு இருக்கிறது. ஒரே ஹைட்ரஜன் சல்பைடு அமிலத்தில் செம்பைப் பிடிக்கிறது, துத்தநாகத்தை விட்டுவிடுகிறது. காரத்தில் துத்தநாகத்தையும் பிடிக்கிறது. ஏன்? அமிலத்தில் சல்பைடு அயனி மிகச் சொற்பமாகத்தான் பிரியும். அந்தச் சொற்பத்துக்கே வீழ்படிகிற உப்பு எதுவோ அது மட்டும் விழும். காரம் சேர்த்தால் சல்பைடு பெருகும். அப்போது மற்றவையும் விழும். அமோனியம் ஹைட்ராக்சைடுக்கு முன்னால் அமோனியம் குளோரைடை ஏன் சேர்க்கிறோம்? ஹைட்ராக்சைடு அயனியை அடக்கி வைத்து, மக்னீசியம் அவசரப்பட்டு அங்கேயே விழுந்துவிடாமல் தடுக்க. பொது அயனி விளைவு, கரைதிறன் பெருக்கம் என்று பிள்ளைகள் கண்ணீர் விட்டு நெட்டுருப் போடும் இரண்டு பாடங்கள் இந்த ஒரே சோதனைக் குழாய்க்குள் நடக்கின்றன. கண்ணால் பார்க்கலாம்.

நான் பி.யு.சி. படித்தது 1967-68. கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் கிப் உபகரணம் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் சட்டையில் ஏறி வீடுவரை வரும். பேருந்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அம்மா கொல்லைப்பக்கமாகத்தான் உள்ளே விடுவாள். ஆனால் ஈய உப்புக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு சொட்டு விட்டு, மஞ்சளாக விழுந்ததைக் கொதிக்கவைத்துக் கரைத்து, குழாயடியில் ஆறவிட்டபோது தங்கத் தூள் மாதிரி மினுமினுத்து இறங்கியதே, அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. எழுபத்தைந்து வயதில் நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது. அந்தத் தங்கத் தூள் மறக்கவில்லை.

எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார்: "தெரியலேன்னு எழுத வெட்கப்படாதே. தெரிஞ்ச மாதிரி எழுதறதுக்குத்தான் வெட்கப்படணும்." அவர் ஒரு வேலை செய்வார். எங்களிடம் கொடுக்கும் உப்பு சில நாள் வெறும் சாப்பாட்டு உப்பாக இருக்கும். பிளாட்டினக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டினால் பொன் மஞ்சள். சோடியம் என்று எழுதிக்கொண்டு ஓடுவோம். "விரலைத் துடைச்சிட்டுக் கம்பியை மட்டும் காட்டு" என்பார். வெறும் கம்பியே மஞ்சளாக எரியும். நம் விரலில் இருந்த வேர்வை உப்பு. சோடியம் என்ற விடை சரி, ஆனால் நாங்கள் அதற்குக் காட்டிய சாட்சி பொய். கம்பியை அமிலத்தில் நனைத்து நிறம் போகும்வரை சுட்டுச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார். பதினேழு வயதில் இதைக் கற்றவன், பிற்பாடு செய்தித்தாளில் எதைப் படித்தாலும் "கம்பியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்களா?" என்றுதான் முதலில் கேட்பான்.

1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. நானும் அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. அந்த ஐம்பதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். பள்ளியின் கையில் இருந்த ஐம்பது அது. பக்கத்துப் பள்ளி முழுசாகப் போட்டால் நாமும் முழுசாகப் போட்டாக வேண்டும். முழுசாகப் போட வேண்டுமென்றால் விடை சரியாக இருக்க வேண்டும். விடை சரியாக இருக்க ஒரே உறுதியான வழி, விடையை முன்னாலேயே சொல்லிவிடுவது. இப்படித்தான் பட்டியல் பிறந்தது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அகத்தேர்வாளர். தேர்வு நாள் காலையில் பாட்டில்களை நிரப்பியவன் நான்தான். ஏழாம் எண் பாட்டில் துத்தநாக சல்பேட். அந்தப் பிரிவில் ஆறு பேருக்கு அந்த உப்பு. ஆறு பேருக்கும் முந்தின நாளே தெரியும்.

தேர்வு பாதி நடக்கும்போது அந்த ஆறு பேரில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பெயர் வேண்டாம். அப்பா நெசவு வேலை. நன்றாகப் படிக்கிறவள், ஆனால் முதல் வரிசை இல்லை. "சார், சாம்பல் ரோஸா வருது" என்றாள்.

சாம்பல் சோதனை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். உப்புக் கரைசலையும் கோபால்ட் நைட்ரேட்டையும் வடிதாளில் நனைத்து எரிக்க வேண்டும். சாம்பல் நீலமாக இருந்தால் அலுமினியம். பச்சையாக இருந்தால் துத்தநாகம். ரோஸ் நிறமாக இருந்தால் மக்னீசியம்.

"திரும்பச் செய்" என்றேன். செய்தாள். மறுபடி ரோஸ். "சல்பைடு சோதனை பார்த்தியா?" என்றேன். "வெள்ளையா எதுவும் விழலை சார். மூணு தடவை பார்த்துட்டேன்." போய் எழுது என்று அனுப்பிவிட்டேன்.

தாள்கள் வந்தன. ஐந்து பேர் துத்தநாகம் என்று எழுதியிருந்தார்கள். கார ஊடகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தியபோது "வெண்ணிற வீழ்படிவு". சாம்பல் "பச்சை நிறம்". அந்தப் பெண் மட்டும் வீழ்படிவு இல்லை, சாம்பல் ரோஸ், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டில் வெண்ணிறப் படிக வீழ்படிவு, எனவே மக்னீசியம் என்று எழுதியிருந்தாள். புறத்தேர்வாளர் விடைத்தாளில் அவளுக்குச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

மாணவர்கள் போனபின் ஏழாம் பாட்டிலை எடுத்து நானே சோதித்தேன். சாம்பல் ரோஸ். துத்தநாக சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைப் படிகம். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. காலை அவசரத்தில் நான் கை மாற்றி எடுத்துவிட்டேன்.

புறத்தேர்வாளரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார், ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். "சார், இதைத் திருத்தினால் அஞ்சு பேருக்குக் குறையும், ஒரு பொண்ணுக்குக் கூடும். ஆறு பேருக்கும் முழுசாப் போட்டுடலாமே" என்றார். நானும் சரி என்றேன். அன்றைக்கு அது நியாயமாகவே பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த ஐந்து பேரும் ரோஸ் நிறச் சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு பச்சை என்று எழுதியவர்கள். விழாத வீழ்படிவை விழுந்தது என்று எழுதியவர்கள். பொய்யர்கள் அல்ல, எல்லாம் தங்கமான பிள்ளைகள். கண்ணைவிடப் பட்டியலை நம்ப வேண்டும் என்று நாங்கள்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டு அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

மறுநாள் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். "சார், அது மக்னீசியம்தானே?"

"மார்க் வந்துடும், போம்மா" என்றேன்.

அவள் மதிப்பெண் கேட்கவில்லை. உண்மை எது என்று கேட்டாள். என் முப்பது வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. அதற்கு நான் சொன்ன பதில் அது.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். இந்தத் தேர்வை இப்படி நடத்துவதைவிட நடத்தாமலே விடலாம். ஒழுங்காக நடத்துவது அதைவிடப் பல மடங்கு நல்லது. பட்டியல் கொடுத்து நடத்துவது மட்டும் கூடவே கூடாது. பாடம் நடக்காத வகுப்பில் பிள்ளைகள் ஒன்றும் கற்பதில்லை, அது ஒரு நஷ்டம்தான். பட்டியல் கொடுத்த தேர்வில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கற்கிறார்கள். அதுவும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, அறிவியலின் பெயரால்.

இதற்கு நண்பர்கள் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுப்பு: "இந்தக் காலத்தில் யார் சார் சோதனைக் குழாயில் அயனி தேடுகிறார்கள்? கருவியில் வைத்தால் நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது." உண்மை. ஆனால் கருவி ஓர் எண்ணைத்தான் சொல்கிறது. அந்த எண்ணை நம்பலாமா என்று மனிதன்தான் சொல்ல வேண்டும். பாட்டில் மாறியிருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் மாறிய பாட்டிலைத்தான் அளக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வளைவு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளூரோசிஸ் தடுப்பு என்ற சொல் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இன்றைக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியில் இருப்பது என்ன? சில துளி கரைசல், ஒரு சின்னக் குழாய், நிறத்தை ஒப்பிட ஓர் அட்டை. நம் உப்புப் பகுப்பாய்வுதான், வேறொன்றுமில்லை. அந்தப் பெட்டியைத் திறக்கும் பெண் பள்ளியில் ஏழாம் பாட்டிலைச் சோதித்தவளாக இருக்கக் கூடும். "மேலிடத்தில் சரி என்று எழுதச் சொன்னார்கள்" என்று பச்சை எழுதப் பழகியவளா, "ரோஸா வருது சார்" என்று வந்து நின்றவளா? அந்த ஊர்க் குழந்தைகளின் எலும்பு அந்தப் பதிலில் இருக்கிறது.

இரண்டாவது: "நுழைவுத் தேர்வுக்கு இது எதற்கு?" இங்கேதான் வேடிக்கை. நீட் பாடத்திட்டத்தில் 2024 முதல் செய்முறை வேதியியலுக்கென்று தனி அலகு சேர்த்திருக்கிறார்கள். எந்தெந்த அயனியை எப்படிக் கண்டறிவது என்பதும் அதில் உண்டு. சந்தோஷப்படலாமா? நான்கு விடை கொடுத்து ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லும் தேர்வில் பழுப்பு வளையத்தை எப்படிச் சோதிப்பது? நைட்ரேட் கரைசலில் புதிதாகத் தயாரித்த பெர்ரஸ் சல்பேட்டைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக ஒழுகவிட வேண்டும். கை நடுங்கினால் வளையம் கலைந்துவிடும். பழைய பெர்ரஸ் சல்பேட்டாக இருந்தால் வளையமே வராது. வந்தது, வரவில்லை, கலைந்தது, இவற்றுக்கெல்லாம் கறுப்பாக்க ஒரு வட்டமும் இல்லை. நீச்சலைப் பற்றிய கேள்விக்குச் சரியாக விடை எழுதியவனை ஆற்றில் தள்ளிவிட்டுப் பார்ப்போமா?

மூன்றாவது: "விஷம் சார். பிள்ளைகளுக்கு ஆபத்து." இந்த மறுப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. அளவு மிஞ்சினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அதுதான் அதன் கொடுமை. ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றைப் பள்ளிக்கூடத் தொட்டியில் கொட்டிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு. என் தங்கத் தூளை நானே விட்டுக்கொடுக்கிறேன். ஈயத்தை எடுத்துவிடுங்கள், ஆர்சனிக்கை எடுத்துவிடுங்கள், பாதரசம் கலந்த நெஸ்லர் கரைசலையும் எடுத்துவிடுங்கள். கிப் உபகரணம் வேண்டாம். கார ஊடகத்தில் சோடியம் சல்பைடு கரைசல் இரண்டு சொட்டுப் போதும். இரும்பு, அலுமினியம், துத்தநாகம், கால்சியம், மக்னீசியம், அமோனியம். கார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட். இவ்வளவு இருந்தால் போதும். அரைக் கிராம் வேண்டாம், ஒரு சிட்டிகை போதும். ஆனால் ஆபத்தைச் சொல்லி ஆய்வகத்தைப் பூட்டுகிறவர்கள், அதே ஆய்வகத்தில் பட்டியல் கொடுத்துத் தேர்வு நடத்துவதை ஆபத்து என்று நினைப்பதில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

நான்காவது, மாப்பிள்ளை சொன்னது: "எட்டு மார்க் விஷயம் சார்." மத்தியப் பாடத்திட்டத்தில் உப்புப் பகுப்பாய்வுக்கு எட்டு மதிப்பெண்தான். எட்டு மதிப்பெண்ணுக்காகப் பொய் எழுதப் பழகியவன், எட்டு லட்சத்துக்கு என்ன எழுதுவான்? பாலம் கட்டும் கலவையின் சோதனை அறிக்கையை யாரோ கையெழுத்துப் போட்டுத்தானே தருகிறார்கள்? மருந்தின் தரச் சான்றிதழை?

எதிர்பார்த்தது வராதபோதுதான் அறிவியலே பிறக்கிறது. 1896இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய் பாதரசத்தையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்து மெர்குரஸ் நைட்ரேட் தயாரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறப் படிகங்கள் வந்தன. அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. "நைட்ரேட் என்றுதான் பட்டியலில் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்து சாதாரணச் சோதனைகளைச் செய்து பார்த்தார். அது மெர்குரஸ் நைட்ரைட், அதுவரை உலகம் அறியாத சேர்மம். நம் நாட்டு வேதியியலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பு, பாட்டிலில் இருந்ததை இருந்தபடி எழுதியதால் வந்தது.

குறை மட்டும் சொன்னால் கிழவன் புலம்பல் ஆகிவிடும். செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். முதலாவது, தேர்வு மேசையிலேயே குலுக்கல். பாட்டிலை எண் போட்டு அடுக்காமல், சின்னப் பொட்டலங்களாக மடித்துத் தட்டில் போட்டு, மாணவனே ஒன்றை எடுக்கட்டும். காசு செலவில்லை. இரண்டாவது, மதிப்பெண்ணில் பெரும்பகுதி உற்றுநோக்கலுக்கு, சிறு பகுதி மட்டும் விடைக்கு. சோதித்தது நேர்மை, பார்த்தது சரி, முடிவு மட்டும் தவறு என்றால் பத்துக்கு எட்டு. முடிவு சரி, பார்த்ததாக எழுதியது கற்பனை என்றால் பத்துக்கு இரண்டு. விடை தப்பினாலும் மார்க் உண்டு என்று தெரிந்தால் பட்டியலுக்கு என்ன வேலை? மூன்றாவது, வருஷத்தில் ஒரு தடவையாவது ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒன்றைச் சோதிக்கட்டும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், வயல் மண் ஊறிய நீர், ஏதோ ஒன்று. வெள்ளி நைட்ரேட்டில் எவ்வளவு வெள்ளையாகிறது, பேரியம் குளோரைடில் எவ்வளவு, தயோசயனேட்டில் சிவக்கிறதா என்று பார்க்கட்டும். ஆசிரியரும், "எனக்கும் தெரியாதுப்பா, பார்ப்போம்" என்று சொல்லட்டும். அந்த வார்த்தையைப் பிள்ளைகள் வாழ்நாளில் ஒரு முறையாவது ஆசிரியர் வாயால் கேட்க வேண்டும்.

பேரன் கதையை முடிக்கவில்லையே. தேர்வு முடிந்து வந்தான். "எப்படிடா?" என்றேன். "முழு மார்க் தாத்தா." "அமோனியா நெடி எப்படி இருந்துச்சு?" என்றேன். "காரமான நெடின்னு எழுதினேன்." "எழுதினது இருக்கட்டும், எப்படி இருந்துச்சு?" பேசவில்லை. சூடு பண்ண நேரமில்லையாம், நேரே எழுதிவிட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனேன். நவச்சாரம் கொஞ்சம் வாங்கினேன். என் வயதுக்காரர்களுக்கு நவச்சாரத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்து உட்கார்ந்து, காய்ந்த பாத்திரத்தில் ஒரு பொடியைத் தூவுவாரே, வெள்ளைப் புகை குப்பென்று கிளம்புமே, அதுதான். அதுதான் பேரனின் நாலாம் நம்பர் பாட்டிலும். வெற்றிலைச் சுண்ணாம்பில் அதைச் சிட்டிகை சேர்த்து உள்ளங்கையில் தேய்த்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "முகர்ந்து பார்" என்றேன். முகர்ந்தான். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை தாத்தா" என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, அந்தப் பழைய வாசற்படிதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாளோ, பேரன் பேத்தி எடுத்திருக்கிறாளோ தெரியாது. இதை அவள் படிப்பாள் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேலாக நான் தராமல் வைத்திருக்கும் பதில் ஒன்று இருக்கிறது.

ஆமாம் அம்மா, அது மக்னீசியம்தான். நீ பார்த்தது சரி.